மரத்துக்கு வயசு கேக்குறாங்க... மண்ணு யாருதுன்னு கேக்கலையே!



சில மாதங்களாக நம்ம பக்கத்து ஷீட் கடைகளில் ஒரு பேப்பர் சுற்றி வருவதைப் பார்த்திருப்பீர்கள். ஒட்டுப்பாலை எடைபோடக் கொண்டு போனால் கடைக்காரர் முதலில் தராசை எடுப்பதில்லை, பேப்பரை எடுக்கிறார். "அண்ணாச்சி, இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. விளையில நின்னு போன்ல ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. அவ்வளவுதான்" என்கிறார். என்ன பேப்பர் என்று கேட்டால் அவருக்கும் தெரியவில்லை. "மேலேயிருந்து கேக்குறாங்க" என்கிறார். இரண்டு பக்கமும் ஆங்கிலம். நம் சங்கத்துக்கு வந்த ஒரு பிரதியை வாத்தியார் ஒருவரை வைத்து வரிவரியாக வாசித்தோம். சாரம் இதுதான்: இந்த நிலம் சட்டப்படி என்னுடையது, இதில் எந்த வில்லங்கமும் இல்லை, எந்தச் சட்டத்தையும் நான் மீறவில்லை, தவறு என்று தெரிந்தால் நானே பொறுப்பு.

நானே பொறுப்பு! கிலோவுக்கு எத்தனை ரூபாய் கூடக் கிடைக்கும் என்று மட்டும் அந்தப் பேப்பரில் ஒரு இடத்திலும் இல்லை.

இது எங்கிருந்து வந்தது? ஐரோப்பிய யூனியன் 2023-ல் ஒரு சட்டம் போட்டது. மாடு, கோகோ, காப்பி, பாமாயில், சோயா, மரம், ரப்பர் ஆகிய ஏழும், அவற்றிலிருந்து செய்த சரக்குகளும் 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்திருந்தால் ஐரோப்பாவுக்குள் வரக்கூடாது. எந்த நிலத்தில் விளைந்தது என்று அட்சரேகை தீர்க்கரேகையோடு காட்ட வேண்டும். நாலு ஹெக்டேருக்கு, அதாவது சுமார் பத்து ஏக்கருக்கு மேல் என்றால் எல்லை முழுவதையும் வரைந்து காட்ட வேண்டும். அதற்குக் கீழே என்றால் ஒரு புள்ளி போதும். அதோடு, விளைந்த நாட்டின் சட்டப்படி அந்த நிலத்தில் உரிமை இருக்க வேண்டும். மீறினால் கம்பெனிக்கு அபராதம், அதன் ஐரோப்பிய ஆண்டு வியாபாரத்தில் 4 சதவீதமும் அதற்கு மேலும் போகலாம். அந்தப் பயத்தைக் கம்பெனி ஏஜென்டுக்குத் தள்ளுகிறது, ஏஜென்டு கடைக்காரருக்குத் தள்ளுகிறார், கடைக்காரர் அரை ஏக்கர்காரனின் கையில் பேனாவைக் கொடுக்கிறார்.

நம் நாட்டில் விளையும் ரப்பர் நமக்கே போதவில்லை. 2023-24-ல் உற்பத்தி 8 லட்சத்து 57 ஆயிரம் டன், தேவையோ 14 லட்சம் டன்னுக்கு மேல். அப்புறம் ஐரோப்பாக்காரன் சட்டம் நம் விளைக்கு எதற்கு என்று கேட்கலாம். இங்கே செய்கிற டயர் அங்கே போகிறதே, அதனால்தான். ரப்பர் வாரியமும் 2025 ஜனவரியில் ஐ.எஸ்.என்.ஆர். என்ற பெயரில், இந்திய ரப்பர் நிலைத்த ரப்பர் என்று காட்டுவதற்கான ஏற்பாட்டைத் தொடங்கியிருக்கிறது. வாரியமே வந்து அளந்து, வாரியமே செலவு ஏற்று, அளந்த கணக்கைத் தமிழில் நம் கையிலும் ஒரு பிரதி கொடுத்தால் நாம் தடுக்கப் போவதில்லை. தனியார் ஏஜென்டு போனில் எடுத்துக்கொண்டு போகிற கணக்குத்தான் நமக்கு ஆகாது.

நிலைத்த ரப்பராம்! ரப்பருக்கு இழுத்தால் நீளுகிற குணம்தான் நாம் அறிந்தது. இந்தச் சட்டமும் அப்படித்தான் நீண்டது. 2024 டிசம்பரில் அமலாக வேண்டியது. பெரிய வியாபாரிகள், பல நாட்டு அரசுகள் எல்லோரும் போய் நின்றார்கள், ஒரு வருடம் தள்ளியது. 2025 டிசம்பரில் மறுபடியும் போய் நின்றார்கள், இன்னொரு வருடம் தள்ளியது. இப்போது பெரிய கம்பெனிகளுக்கு 2026 டிசம்பர் 30, மிகச் சிறிய கம்பெனிகளுக்கு 2027 ஜூன் 30 என்று கெடு. கேட்டவனுக்கெல்லாம் வாய்தா கிடைக்கிறது. நம்மிடம் மட்டும் "இன்னைக்கே கையெழுத்துப் போடுங்க" என்கிறார்கள்.

நாம் காடழிக்கச் சொல்லவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் நாம் வாயைத் திறந்தாலே "காட்டு விரோதி" என்று பட்டம் கட்ட ஒரு கூட்டம் காத்திருக்கிறது. கோதையாற்றின் தண்ணீரைக் கட்டி 1906-ல் பேச்சிப்பாறை அணை எழுந்தது. அந்தத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள் நாம். மேலே காடு போனால் கீழே நம் கிணறு போகும் என்று எந்த அதிகாரியும் நமக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நாமும் சுத்தம் என்று சொல்லவில்லை. நெல் விளைந்த ஏலாவை மேடாக்கி ரப்பர் வைத்தவன் நம் ஊரிலும் உண்டு. ஓடைக் கரை வரைக்கும் மருந்தடித்துப் புல்லைக் கருக்கியவனும் உண்டு. அதைச் சங்கக் கூட்டத்திலேயே எழுந்து கண்டித்திருக்கிறோம்.

நமது கேள்வி வேறு. பச்சை முத்திரை குத்துகிறவன் மரம் எந்த வருடம் நட்டது என்று வானத்திலிருந்து பார்க்கிறான். அந்த மண் யாருடையது, யாரிடமிருந்து யார் கைக்கு எப்படிப் போனது என்று தரையில் இறங்கி ஏன் கேட்பதில்லை?

நம் மாவட்டக் கதையை எடுப்போம். திருவிதாங்கூர் ராஜ்ஜியத்தில் ரப்பர் தோட்டம் 1902-லேயே வந்துவிட்டது. நாம் அன்று அந்த ராஜ்ஜியத்தில் இருந்தோம், 1956-ல்தான் தமிழகத்தோடு சேர்ந்தோம். மலையோரத்தில் வெள்ளைக்காரத் துரைமார் தோட்டம் போட்டார்கள். பிறகு 1961-ல் வனத்துறையே காட்டு நிலத்தில் ரப்பர் நட்டது. 1984-ல் அரசு ரப்பர் கழகம் உண்டானது. 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட மலையகத் தமிழ்க் குடும்பங்களைக் கொண்டுவந்து அந்தத் தோட்டங்களில் குடியமர்த்தினார்கள். அவர்களை நாம் குறை சொல்லவில்லை. அங்கே தேயிலை நட்டு நாட்டை வளர்த்தும் நாடற்றுப் போனவர்கள், இங்கே தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டியும் சொந்தமாக ஒரு சென்ட் நிலத்துக்கு வழியில்லாமல் நிற்பவர்கள் அவர்கள். காட்டை வெட்டி ரப்பர் வைக்கலாம் என்று இந்த மலையில் வழி காட்டியது யார் என்பதை நினைவுபடுத்துகிறோம், அவ்வளவே.

இந்தக் கணக்கில் 2020 டிசம்பர் 31 என்ற தேதியைக் கவனியுங்கள். அதற்கு முன்னால் துரை வெட்டிய காடும், கம்பெனி வெட்டிய காடும், சர்க்கார் வெட்டிய காடும் மன்னிக்கப்பட்டுவிட்டது. பழைய பாவத்துக்குக் கெடு தேதி உண்டு. ஆனால் பாட்டன் காலத்துப் பத்திரத்தில் சர்வே எண் தப்பாக இருப்பவனுக்கு, அண்ணன் தம்பி பாகப்பிரிவினை வாய்ச்சொல்லோடு நின்றவனுக்கு, செத்துப்போன அப்பன் பேரிலேயே பட்டா கிடப்பவனுக்கு மன்னிப்புக்குத் தேதி கிடையாது. காட்டை அழித்தவனுக்கு இருக்கிற சலுகை காகிதம் இல்லாதவனுக்கு இல்லை!

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். நம்மில் பலருக்குக் காகிதம் இருக்கிறது. பட்டா இருக்கிறது, கிரயப் பத்திரம் இருக்கிறது, தீர்வை கட்டிய ரசீது கட்டுக் கட்டாக இருக்கிறது. இருந்தும் மலையோரக் கிராமங்கள் சிலவற்றில் அந்த நிலம் "தனியார் காடு" என்று அறிவிக்கப்பட்டுக் கிடக்கிறது. 1949-ம் வருடத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் அது. ஜமீன்தார்கள் பெருங்காடுகளை வெட்டி விற்றுவிட்டு ஓடிவிடாமல் தடுக்க வந்த சட்டம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நல்ல நோக்கம்தான். அந்த வலையில் ஜமீன் சிக்கினானோ இல்லையோ, ஐம்பது சென்ட்காரன் சிக்கிக்கொண்டான். அறிவிக்கப்பட்ட நிலத்தை விற்க வேண்டுமா, அடமானம் வைக்க வேண்டுமா, குத்தகைக்கு விட வேண்டுமா, மரம் வெட்ட வேண்டுமா, எல்லாவற்றுக்கும் கலெக்டர் தலைமையிலான கமிட்டியின் முன் அனுமதி வேண்டும்.

ரப்பர் என்ன தேக்கா, ஈட்டியா, நூறு வருடம் நிற்க? ஏழாம் வருடம் வெட்டத் தொடங்கி, இருபது இருபத்தைந்து வருடம் பால் எடுத்து, பட்டை தீர்ந்ததும் முறித்துவிட்டு மறுநடவு செய்ய வேண்டிய பயிர். முறிக்காதே என்றால் விவசாயம் செய்யாதே என்று அர்த்தம்.

நம் வட்டாரத்தில் ஒருவர். பெயர் வேண்டாம், சம்பந்தப்பட்ட அலுவலகத்தின் பெயரும் வேண்டாம். எண்பது சென்ட் விளை. 2017 நவம்பர் 30-ம் தேதி ஒக்கிப் புயலில் பாதி மரம் வேரோடு போனது. மீதி மரம் கிழம், சிரட்டையில் பால் அடியை நனைக்கிற அளவுக்குத்தான் விழும். அதை முறித்துத் தடியை விற்றால் பிள்ளையின் கல்யாணத்துக்கு ஒரு வழியாகும், புதுத் தையும் வைக்கலாம் என்று மனுக் கொடுத்தார். வில்லேஜ் ஆபீசுக்குப் போ, தாலுகாவுக்குப் போ, அங்கே போ, இங்கே போ என்று இரண்டு வருடம். கடைசியில் வட்டிக்கு வாங்கிக் கல்யாணம் நடந்தது. மரம் இன்னும் நிற்கிறது. "நான் செத்தாலும் இந்த மரம் சாவாது போலிருக்கு தம்பி" என்று நம்மிடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

இப்போது அதே மனிதரிடம் அந்தப் பேப்பரை நீட்டுகிறார்கள்! அவர் என்ன எழுதுவார்? ரப்பர் தோட்டம் விவசாயப் பயிர், அது காடு அல்ல என்று ஐரோப்பியச் சட்டமே தெளிவாகச் சொல்கிறது. நம் சர்க்கார் ரெக்கார்டோ அதே தோட்டத்தைக் காடு என்கிறது. அவர் கிழட்டு மரத்தை அனுமதி இல்லாமல் முறித்தால் உள்நாட்டுச் சட்டத்தை மீறியவர், அவர் ரப்பர் சட்டவிரோத ரப்பர். அனுமதிக்குக் காத்திருந்து முறிக்காமல் வைத்திருந்தால் வானத்திலிருந்து பார்ப்பவனுக்குப் பச்சையாகத் தெரியும், பேஷ், நிலைத்த ரப்பர்! ஆனால் அதில் பால் இல்லை. நாளைக்கு அனுமதி கிடைத்தே முறித்தாலும், "ரெக்கார்டில் காடு, 2020-க்குப் பிறகு மரம் போயிருக்கிறது" என்று ஒரு ஏசி அறையில் உட்கார்ந்து எவனாவது சிவப்புப் புள்ளி வைத்துவிட்டால் அவர் எந்த வாசலில் போய் நிற்பார்? 2025 மே மாதம் இந்தியாவை ஆபத்துக் குறைந்த நாடு என்று ஐரோப்பிய யூனியன் பட்டியலிட்டிருக்கிறது, பயப்படாதீர்கள் என்கிறார்கள். சோதனை குறையும், அது உண்மை. நிலத்தின் புள்ளி கொடுப்பது குறையாது, அதுவும் உண்மை.

மலை மேலே காணி மக்கள் இருக்கிறார்கள். அவர்களும் குடியிருப்பைச் சுற்றி ரப்பர் வைத்திருக்கிறார்கள். 2006-ம் வருட வன உரிமைச் சட்டம் அவர்கள் உரிமையை ஒப்புக்கொண்ட பிறகும், இதை நடு, இதை நடாதே என்ற வழக்கு தீர்ந்தபாடில்லை. அவர்களுக்கும் நமக்கும் சண்டை மூட்டிவிட்டால் வேடிக்கை பார்ப்பவனுக்கு வசதி. அதற்கு இடம் கொடுக்க மாட்டோம்.

சரி, சிறியவனுக்கு இப்படி. பெரியவனுக்கு எப்படி? கடல் தாண்டிப் போய்ப் பார்ப்போம்.

இந்தோனேசியாவில் சுமத்ரா தீவில் ஜாம்பி என்று ஒரு மாகாணம். அங்கேயும் நம்மைப் போலச் சிறு ரப்பர் விவசாயிகள்தான் அதிகம். உலக ரப்பரில் 85 சதவீதம் சிறு விவசாயி கொடுப்பது என்று சொல்வார்கள் அல்லவா, அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். பிரான்சு நாட்டு டயர் கம்பெனி மிஷ்லினும் இந்தோனேசியாவின் பாரித்தோ பசிபிக் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்து, ராயல் லெஸ்தாரி உத்தாமா என்ற பெயரில் ஜாம்பியிலும் கிழக்குக் கலிமந்தானிலும் 88,000 ஹெக்டேருக்கு அரசு குத்தகையில் இறங்கின. 88,000 ஹெக்டேர் என்றால் இரண்டு லட்சத்துப் பதினேழாயிரம் ஏக்கர். வெறுமனே கிடந்த பூமியா அது? காட்டை நம்பி வாழும் ஓராங் ரிம்பா, தாலாங் மாமாக் பழங்குடிகள் அங்கே உண்டு. ஏற்கனவே குடியேறிப் பயிர் செய்துகொண்டிருந்த விவசாயக் குடும்பங்களும் உண்டு. குத்தகைக் காகிதம் வந்த மறுநாள் அவர்கள் எல்லாம் "ஆக்கிரமிப்பாளர்" ஆகிவிட்டார்கள். எல்லை எது, யாருக்கு எவ்வளவு என்ற தகராறு வருடக்கணக்கில் இழுத்தது.

அந்தத் திட்டத்துக்கு 2018-ல் 9 கோடியே 50 லட்சம் டாலர் பசுமைக் கடன் பத்திரம் மூலம் கிடைத்தது. ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு, பெரிய பிரெஞ்சு வங்கி எல்லாம் பின்னால் நின்றார்கள். காட்டைக் காப்பாற்றும் ரப்பர், யானையைக் காப்பாற்றும் ரப்பர் என்று புகழ்ந்தார்கள். 2020 அக்டோபரில் மைட்டி எர்த் என்ற சூழல் அமைப்பு ஒரு அறிக்கை போட்டது. கூட்டுக் கம்பெனி கையெழுத்தாவதற்கு முந்தைய மாதங்களில்தான் அந்தக் குத்தகை நிலத்தில் இயற்கைக் காடு பெருமளவு வெட்டப்பட்டது, அதைக் கடன் கொடுத்தவர்களுக்குச் சரியாகச் சொல்லவில்லை என்றது. கம்பெனி இதை மறுத்தது. காடு வேறு காரணங்களால் ஏற்கனவே அழிந்துகொண்டிருந்தது, நாங்கள் வந்துதான் நிறுத்தினோம் என்றது. 2022-ல் மிஷ்லினே முழுக் கம்பெனியையும் எடுத்துக்கொண்டது.

யார் சொல்வது சரி என்று இங்கிருந்து தீர்ப்பு எழுத நாம் வரவில்லை. அவன் மீது குற்றச்சாட்டு வந்தால் மறுப்பு அறிக்கை விட வக்கீல் உண்டு, அதை வாங்கிப் போடப் பத்திரிகை உண்டு. தகராறு நிலத்துக்கே பசுமைக் கடன் கிடைக்கும். நம் மீது சந்தேகம் வந்தால்? "உங்க சரக்கு வேண்டாம் அண்ணாச்சி", ஒரே வார்த்தையில் முடிந்தது.

ஆப்பிரிக்காவில் லைபீரியா நாட்டைப் பாருங்கள். 1926-ல் பயர்ஸ்டோன் டயர் கம்பெனிக்குப் பத்து லட்சம் ஏக்கர் வரை, ஏக்கருக்கு வருடம் 6 சென்ட் காசு, 99 வருடக் குத்தகை. இது பழங்கதை என்று தள்ள முடியாது. அதே நாட்டில் சலாலா என்ற இன்னொரு ரப்பர் கம்பெனிக்கு உலக வங்கிக் குழுமத்தின் ஐ.எப்.சி. 2008-ல் ஒரு கோடி டாலர் கடன் கொடுத்தது. 2019-ல் 22 ஊர் மக்கள் சேர்ந்து ஐ.எப்.சி.யின் புகார் அதிகாரியிடம் போனார்கள். எங்கள் நிலத்தை எடுத்துக்கொண்டார்கள், முன்னோர் புதைத்த இடத்தையும் சாமி கும்பிடும் இடத்தையும் அழித்தார்கள், தண்ணீர் கெட்டது, பெண்களுக்குப் பாதுகாப்பில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். கடன் கொடுத்த நாளிலிருந்து அந்த மனு போய்ச் சேரவே பதினோரு வருடம். காகிதத்தில் அங்கேயும் எல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கும்.

டயர் கம்பெனிகள் முன்கை எடுத்து 2018-ல் சிங்கப்பூரைத் தலைமையிடமாக வைத்து, நிலைத்த ரப்பருக்கென்றே ஒரு உலக மேடை அமைத்தார்கள். அதில் சிறு விவசாயிக்கும் நாற்காலி உண்டு என்கிறார்கள். நாற்காலி இருக்கட்டும், விலை எங்கே? 2011 ஏப்ரலில் கிலோ 240 ரூபாய் தொட்ட ஷீட், 2016 பிப்ரவரியில் 100 ரூபாய்க்குக் கீழே போனது. பால் வெட்டக் கூலி கொடுக்க முடியாமல் தோட்டத்தைச் சும்மா போட்டோம். புகைப்புரையில் ஆடு கட்டினோம். அன்றைக்கு எந்த மேடையும் "விவசாயி நிலைத்து நிற்கிறானா" என்று வந்து கேட்கவில்லை. 2024 ஆகஸ்டில் விலை மறுபடி ஏறியபோது வெட்ட நமக்கு மரமில்லை, வெட்டத் தெரிந்த ஆளும் இல்லை.

ஆகவே நாம் கேட்பது இவை. பட்டா நிலத்தில் நிற்கும் ரப்பரைத் தனியார் காட்டுப் பட்டியலிலிருந்து சர்க்கார் நீக்க வேண்டும். நீக்கும் வரை, வயதான ரப்பர் மரத்தை முறித்து மறுநடவு செய்ய அனுமதி கிராமத்திலேயே, கெடு நாளுக்குள் கிடைக்க வேண்டும். கெடு தாண்டினால் அனுமதி கொடுத்ததாகவே கொள்ள வேண்டும். பட்டா மாறாமல், பிரிவினை ஆகாமல் கிடக்கும் சிறு நிலங்களுக்கு ஊர் ஊராக முகாம் போட்டுக் காகிதத்தைச் சரிசெய்ய வேண்டும். காணி மக்களின் உரிமையைக் கிராமசபை வழியாக உறுதி செய்ய வேண்டும். நிலத்தின் புள்ளியை அளப்பது ரப்பர் வாரியத்தின் வேலை, ஏஜென்டின் வேலை அல்ல. முத்திரை குத்திய ரப்பருக்கு எவ்வளவு கூடுதல் என்று முதலில் எழுதிக் கொடுக்கட்டும், பிறகு கையெழுத்தைப் பேசலாம். நிலப்புகார் நிலுவையில் உள்ள பெருங்கம்பெனித் தோட்டம் எந்த நாட்டில் இருந்தாலும் அதன் ரப்பருக்குப் பச்சை முத்திரை கூடாது. ஜாம்பி விவசாயி நமக்கு மாமனா மச்சானா என்று கேட்காதீர்கள். அவன் சரக்கும் நம் சரக்கும் ஒரே டயரில்தான் ஓடுகிறது.

இந்தக் கோரிக்கைகளை வைத்து ஊர் ஊராகக் கூட்டம் நடத்தி, கையெழுத்து வாங்கி, கலெக்டர் அலுவலகம் முன் தர்ணா இருக்கச் சங்கம் முடிவு செய்திருக்கிறது. நாளும் நேரமும் உங்கள் ஊர்ப் பொறுப்பாளர் வீடு தேடி வந்து சொல்வார். பால் வெட்டு முடிந்து வர வசதியாகப் பகல் பத்து மணிக்கு மேல்தான் வைப்போம்.

அதுவரை ஒரு காரியம். உங்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எந்தப் பேப்பர் வந்தாலும் கையெழுத்துப் போடாதீர்கள். கடைக்காரரோடு சண்டை வேண்டாம், அவரும் நம்ம ஊர்க்காரர்தான். "சங்கத்துல காட்டிட்டுத் தாரேன்" என்று ஒரு பிரதி கேட்டு வாங்குங்கள். ஏற்கனவே கையெழுத்துப் போட்டவர்கள் பயப்பட வேண்டாம், எந்தத் தேதியில் எந்தக் கடையில் போட்டீர்கள் என்று எழுதி வையுங்கள். கூட்டத்துக்கு வரும்போது பட்டா நகல், கடைசியாகத் தீர்வை கட்டிய ரசீது, தனியார் காடு என்று உங்களுக்கு வந்த நோட்டீஸ் ஏதாவது இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். சர்வே எண் வாரியாகப் பட்டியல் எடுக்கிறோம்.

இப்படிக்கு,
செயலாளர்,
சிறு குறு ரப்பர் விவசாயிகளுக்காக.